லொறிப் படங்கு

கலாராணி பிறந்தது கண்டி டவுனை ஒட்டிய மஹய்யாவையில். நெட்டமலைத் தேயிலைத் தோட்டத்தில் அவளைப் பற்றிப் பேச்செடுக்கிற எவரும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். அட்டையைக் கண்டு அலறினாளா, "அவ டவுன்காரிதானே" என்பார்கள். மழை வருமுன்னே குடையை விரித்தாளா, அதற்கும் டவுன்காரிதான். இருபத்திரண்டு வருடமாக அதே மலையில் கொழுந்து பறித்து, அதே பீலித் தண்ணீரில் குளித்து, அதே லயத்து வரிசை வீட்டில் ஒரு பெண்பிள்ளையைப் பெற்று வளர்த்தும் அந்தப் பட்டம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

அப்பா கண்டி மாநகரசபையில் துப்புரவுத் தொழிலாளி. மகளைப் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரை படிக்க வைத்தார். சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவாள். படிப்பு முடிந்ததும் கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றாள். அங்கேதான் ராஜரத்தினம் தங்கச்சி கலியாணத்துக்குச் சேலை எடுக்க வந்தான். வந்தவன் எடுத்த சேலையைத் திருப்பிக் கொண்டுவந்து நான்கு தடவை மாற்றினான். நான்காவது தடவை கடை முதலாளிக்கே விசயம் விளங்கிவிட்டது.

"எங்க ஊரப் பாக்க வெள்ளக்காரன் ஏரோப்பிளேன்ல வாறான். நீ பஸ்லயே வந்து பாக்கலாம்" என்றான் ராஜரத்தினம். அந்த ஒரு பேச்சில் விழுந்தாள் அவள்.

அவன் சொன்னது பொய்யில்லை. நாவலப்பிட்டியில் பஸ் ஏறினால் நெட்டமலைக்கு முக்கால் மணித்தியாலம் வளைந்து வளைந்து ஏற வேண்டும். கீழே மிளகுக் கொடி படர்ந்த மரங்கள், கராம்புத் தோட்டம், ரோட்டோரம் பாயில் காயப்போட்ட கராம்பின் வாசம். உல்லாசப் பயணிகளுக்கு ஏலக்காயையும் சாதிக்காயையும் காட்டி எண்ணெய்க் குப்பி விற்கிற வாசனைத் திரவியத் தோட்டமும் அங்கே உண்டு. அதற்கு மேலே தேயிலை. மேலே போகப் போகத் தேயிலை மட்டும்தான். கடைசி வளைவில் வேன்கள் நிற்கும். இறங்கியவர்கள் மலையைப் பார்த்து ஆகா ஓகோ என்பார்கள், படம் எடுப்பார்கள், கொழுந்தெடுக்கும் பெண்களைச் சிரிக்கச் சொல்வார்கள். அந்தப் பச்சைக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கலாராணி பட்டியலே ஒப்புவித்திருப்பாள்: அட்டை, பன்றி, விரியன், வழுக்கும் கல், மழைக்காலத்தில் இறங்கும் மண், எல்லாவற்றுக்கும் மேலே, குளவி என்று அங்கே சொல்கிற மலைத்தேனீ.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவளைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. அதிகம் சிரித்தவள் பாலம்மா. ஒரே சுவரைப் பகிர்ந்த அடுத்த காம்பராக்காரி, அவளைவிடப் பத்து வயது மூத்தவள். "குளவி என்னக் கண்டா ஓடும்டி. எம் புருசனே ஓடிட்டான்" என்பாள். கலாராணிக்குக் கொழுந்து பறிக்கக் கற்றுக்கொடுத்தது அவள்தான். மகள் டிலானி பிறந்தபோது பக்கத்தில் இருந்தவளும் அவள்தான். மலையில் இரண்டு பேரும் எப்போதும் பக்கத்துப் பக்கத்து நிரையில்தான் பறிப்பார்கள்.

கலாராணியின் பயத்துக்கு மூன்று வருடத்துக்கு முன்னே ஒரு முத்திரை விழுந்தது. ஏழாம் நம்பர் மலையில் குளவி கிளம்பி அவளுக்குப் பதினேழு கொட்டு. மற்றவர்களுக்கும் கொட்டியது. அவர்கள் அழுதார்கள், சுண்ணாம்பு தடவினார்கள், மறுநாள் வேலைக்கு வந்தார்கள். அவளுக்கோ முகம் வீங்கிக் கண் மூடிவிட்டது. தொண்டைக்குள் யாரோ துணியை அடைத்தது மாதிரி மூச்சு நின்று நின்று வந்தது. கொழுந்து லொறியின் பின்பக்கம் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்து நாவலப்பிட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுக்க அவள் தலை பாலம்மாவின் மடியில் கிடந்தது. பேச நாக்கு எழவில்லை. மனத்துக்குள் மட்டும் வேண்டிக்கொண்டாள்: முனியாண்டி, இந்த மூச்சை மட்டும் விடு, பன்னிரண்டாம் நம்பரில் உன் கல்லுக்கு வந்து தேங்காய் உடைத்துச் சாம்பிராணி போடுகிறேன்.

மூச்சு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகிற அன்றைக்குச் சந்திரிகா டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"அம்மா, உங்களுக்கு இனி பதினேழு தேவையில்லை. ஒண்ணு போதும். ஒரு குளவி கொட்டினா கால் மணித்தியாலத்துல இங்க வரணும். இல்லாட்டி நான் ஒண்ணும் செய்ய ஏலாது."

பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் அதையே இங்கிலீஷில் எழுதி, முத்திரை குத்தி, தோட்டத்தில் கொடுத்து வேறு வேலை கேட்கச் சொன்னார். கால் மணித்தியாலம்! மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பறந்து போனாலும் முக்கால் மணித்தியாலம். கலாராணிக்குக் கணக்குத் தெரியும். பஸ்ஸில் வீடு வரும்வரை அதையே கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் துண்டை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. கொழும்பில் ஓட்டல் குசினியில் வேலை செய்து மாதத்துக்கு ஒருமுறை வரும் ராஜரத்தினத்திடமும் சொல்லவில்லை, மகள் டிலானியிடமும் சொல்லவில்லை. அலுமாரியில் கலியாணச் சேலைக்குக் கீழே விரித்திருந்த பேப்பருக்கு அடியில் வைத்தாள். மலைக்குப் போக ஏலாதவள் என்று தெரிந்தால் தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் பேரை வெட்டிவிடுவார்கள் என்று நினைத்தாள். லயத்தை விட்டுத் தனி வீடு தருகிற பட்டியலில் அந்த வருடம்தான் அவள் பேர் ஏறியிருந்தது. செக்ரோலில் பேர் போனால் பட்டியலிலும் போய்விடும். அது உண்மையா என்று அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்கவும் பயம். பயந்தவர்களின் முட்டாள்தனமே இதுதான்.

ஆக மூன்று வருடம், ஒரு கொட்டு விழுந்தால் உயிர் போகும் என்று தெரிந்துகொண்டே அவள் மலைக்குப் போனாள். நினைத்துப் பாருங்கள். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு நிற்கும்போதே கண் மரக் கிளைகளைத் தேடத் தொடங்கும். தலைக்கு எண்ணெய் வைக்கமாட்டாள், பூ வைக்கமாட்டாள், மணக்கிற சவர்க்காரம் போடமாட்டாள். பக்கத்தில் யாராவது பவுடர் பூசி வந்தால் நிரை மாறிவிடுவாள். சாதாரண ஈ காதருகே போனாலும் கை கொழுந்திலேயே நின்றுவிடும்.

கடைசியில் நாவலப்பிட்டியில் ஒரு கராஜில் சரக்கை மூடுகிற பழைய லொறிப் படங்கு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தாள். கொழுந்தெடுக்கிற பெண்கள் எல்லாருமே செடி கிழிக்காமல், ஈரம் படாமல் இடுப்பில் ஒரு படங்கு கட்டுவார்கள். இவளுடையது அதைப் போல மூன்று மடங்கு. நான்காக மடித்துக் கட்டினாலும் முழங்காலுக்குக் கீழே தொங்கும். டீசல் மணக்கும். குளவி வந்தால் தேயிலைச் செடிக்கு அடியில் விழுந்து அதை மேலே இழுத்து மூடிக்கொள்வது என்பது அவள் திட்டம். வீட்டில் டிலானி பள்ளிக்கூடம் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுப் பழகிக்கூடப் பார்த்தாள்.

"என்னாடி, லொறியவே கட்டிக்கிட்டு வாற" என்று பாலம்மா சிரித்தாள். மலை முழுக்கச் சிரித்தது. கலாராணியும் சிரித்தாள்.

வேண்டுதல் மட்டும் நிறைவேறாமல் கிடந்தது. முனியாண்டியின் கல் பன்னிரண்டாம் நம்பர் மலையில், பெரிய அத்தி மரத்துக்குக் கீழே இருந்தது. அந்த அத்தி மரத்தின் உச்சிக் கிளையிலேயே கறுப்பாக, முறம் அளவுக்குக் குளவிக்கூடு தொங்கியது. சாமியிடம் போனால் குளவி, குளவிக்குப் பயந்து போகாவிட்டால் சாமிக் குற்றம். மூன்று வருடமாக அந்த மலையைத் தூரத்தில் பார்க்கும்போதெல்லாம் அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கூடு அங்கேயே இருப்பதற்குக் காரணம் தன் நிறைவேறாத வேண்டுதல்தான் என்றும் மெல்ல மெல்ல நம்பத் தொடங்கினாள்.

கூட்டுக்குப் பயந்து பன்னிரண்டாம் நம்பருக்கு ஆள் அனுப்புவதே அருமை. இந்த வருடம் மூன்று மாதமாக அதை யாரும் தொடவில்லை. கொழுந்து வளர்ந்து நின்றது. ஒரு வியாழக்கிழமை காலை பெரட்டில் சுப்பவைசர் அஜந்தன், இருபத்தேழு வயதுப் பையன், எல்லாரும் பன்னிரண்டாம் நம்பருக்குப் போக வேண்டும் என்றான்.

"கூடு இருக்கே தம்பி" என்றாள் கலாராணி.

"அது போயிருச்சு அக்கா. சனிக்கெழம போன்ல பெருசாக்கிப் பாத்தேன். ஒண்ணுமில்ல."

"எங்கருந்து பாத்தீங்க?"

"ரோட்டுலருந்துதான்."

சனிக்கிழமை முழுநாளும் பனி மூடியிருந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. பனியைப் பெருசாக்கிப் பார்த்தால் பெரிய பனி தெரியும், வேறென்ன தெரியும்? ஆனால் போகமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பான். ஏன் என்பதற்குப் பதில் அலுமாரிக்குள் இருந்தது. அவள் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"அப்ப மொதல்ல முனியாண்டிக்குக் குடுக்க வேண்டியதக் குடுப்போம். பொறவு எறங்குவோம். சாம்பிராணிய நானே போடுறேன்."

சாமி காரியத்துக்கு மறுப்புச் சொல்ல அங்கே யாருக்கும் வாய் வராது. அஜந்தனே தேங்காய்க்கு ஆள் அனுப்பினான். கலாராணி காம்பராவுக்கு ஓடிப்போய்ச் சாம்பிராணி எடுத்துவந்தாள். மூன்று வருடம் காக்கவைத்ததற்காக மூன்று பெக்கட்.

அன்றைக்கும் பனிதான். இருபது பெண்கள் அத்தி மரத்தடியில் நின்றார்கள். மரத்தின் பாதிக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. அவள் அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. ஒரு சத்தமும் இல்லை. போய்விட்டதுதானோ என்று முதல்முறையாகக் கொஞ்சம் நம்பினாள். தகரத் தட்டில் சிரட்டைக் கரியைப் பற்றவைத்தார்கள். கரி ஈரம். அவள் குனிந்து ஊதினாள். மூன்று பெக்கட்டையும் ஒன்றாகக் கொட்டினாள். காற்று கொஞ்சமும் இல்லாததால் புகை கலையாமல், தடித்து, மரத்தோடு ஒட்டி நேராக மேலே ஏறியது.

"போதும்டி, சாமிக்கு இருமல் வந்துறப் போவுது" என்றாள் பாலம்மா.

எல்லாரும் சிரித்தார்கள். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. நல்ல சகுனம் என்றார்கள். கலாராணிக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருடப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. பெண்கள் நிரைக்குப் பிரிந்தார்கள். முதல் கொழுந்தைக் கிள்ளிக் கூடையில் போடும்போது, கொழுந்து பெருக வேண்டி, எப்போதும் போல "பொலி, பொலி" என்று குரல் கொடுத்தார்கள்.

மேலேயிருந்து ஒரு இரைச்சல் வந்தது. கலாராணி முதலில் அதை வளைவில் ஏறுகிற பஸ் என்றுதான் நினைத்தாள். பஸ் என்றால் தேய்ந்து போகும். இது போகவில்லை, கிட்டே வந்தது.

"குளவி! ஓடுங்கடி!"

அவள் ஓடவில்லை. கால்கள் தாமாகவே மடிந்தன. செடிக்கு அடியில் குப்புற விழுந்தாள். எப்படி முடிச்சை அவிழ்த்தாள், எப்படி விரித்தாள் என்பதெல்லாம் ஞாபகமில்லை. பழகி வைத்த கை செய்துவிட்டது. மண், டீசல் மணம், இருட்டு. படங்கின் ஒரு விளிம்பை முழங்காலால் அமுக்கினாள், மற்ற விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். வெளியே மழை பெய்கிற மாதிரி குளவிகள் படங்கில் மோதின. பெண்கள் அலறிக்கொண்டு சரிவில் உருளுகிற சத்தம் கேட்டது. ஒண்ணு போதும், ஒண்ணு போதும் என்று சந்திரிகா டாக்டரின் குரல் அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது படங்கு அசைந்தது. யாரோ பிடித்து இழுத்தார்கள்.

"கலா! கலா, படங்கத் தூக்குடி! கண்ணு... கண்ணுல கொட்டுதுடி! கலா!"

பாலம்மா. ஒரு முழத் தூரம்கூட இல்லை. படங்குக்கு வெளியே அவள் விரல்கள் பிறாண்டுகிற சத்தம் கேட்டது. தூக்கினால் அவளோடு சேர்ந்து குளவியும் உள்ளே வரும். கலாராணிக்கு அந்த நேரத்தில் யோசனை ஒன்றும் இல்லை. இருந்தது என்று சொன்னால் அது பொய். பயம் மட்டும்தான் இருந்தது, அந்தப் பயத்துக்குக் கைகள் இருந்தன. அவள் விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

வெளியே இருந்து இழுத்தது இன்னும் இரண்டு மூச்சு நேரம். பிறகு இழுவை நின்றது. ஓடுகிற சத்தம், விழுகிற சத்தம், அதன் பிறகு குளவிகளின் சத்தம் மட்டும்.

பந்தம் கொளுத்திக்கொண்டு ஆண்கள் வந்து அவளைப் படங்கோடு தூக்கி நிறுத்தியபோது அவள் உடம்பில் ஒரு கொட்டுக்கூட இல்லை. ஒன்பது பேரை லொறியில் ஏற்றினார்கள். பாலம்மாவை நான்கு பேர் தூக்கிப்போனார்கள். முகம் எது, பின்தலை எது என்று தெரியவில்லை. அவளுடைய கை மட்டும் தெரிந்தது, நகத்துக்குள் டீசல் கறுப்பு. ரோட்டு வளைவில் ஒரு வேன் நின்றது. அதிலிருந்தவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளிருந்தே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று பின்னேரமே லயத்தில் கதை பரவிவிட்டது. கலாராணிக்கு ஒன்றுமே ஆகவில்லை! சாம்பிராணி போட்டவள் அவள், தேங்காய் உடைத்தவள் அவள், முனியாண்டி அவளைத் தொட விடவில்லை. பெண்கள் வந்து அவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். டவுன்காரி என்று சொல்ல அன்றைக்கு ஒரு வாயும் இல்லை. திங்கட்கிழமை ஒன்பதாம் நம்பர் மலைக்குப் போகும்போதும் கலாதான் சாம்பிராணி போட வேண்டும் என்று அவர்களே முடிவுசெய்தார்கள். தட்டும் கரியும் கொண்டுவருவது கடைசிக் காம்பரா சீதாவின் பொறுப்பு.

அன்றிரவு கலாராணி சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிலானிதான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"ஏம்மா, தேன் எடுக்குறவங்க பொக போட்டுத்தானே குளவியக் கெளப்புவாங்க? மரத்துல கூடு இருக்கப்ப கீழ பொக போட்டது யாரும்மா?"

கலாராணி பிசைந்த சோற்றைத் தட்டோடு தள்ளிவைத்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதைத்தான் செய்திருக்கிறாள். தன் மடியில் விட்டிருந்தாலும் போகிறது, பாலம்மாவின் மடியில் விட்டிருக்கிறாள்.

அடுத்த மூன்று நாளும் அவள் வாசலையே பார்த்திருந்தாள். பாலம்மா செத்துவிடுவாளோ என்று பயந்தாள். பிழைத்து வந்து சொல்லிவிடுவாளோ என்றும் பயந்தாள். இரண்டில் எது பெரிய பயம் என்று அவளுக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பாலம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஒரு கண்ணில் கட்டு. முகம் நீலமும் மஞ்சளுமாக இருந்தது. கூடிய பெண்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு நேராகக் கலாராணியின் காம்பராவுக்கு வந்தாள். டிலானி பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். பாலம்மா கதவைச் சாத்தினாள். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கலாராணி நின்றுகொண்டேயிருந்தாள். இப்போது கேட்கப்போகிறாள், இப்போது கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தாள்.

"ஒன் படங்குல ரெண்டு பேருக்கு எடம் இருந்திச்சு, கலா" என்றாள் பாலம்மா.

திட்டவில்லை, கத்தவில்லை. மடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினாள்.

"டாக்டரம்மா என்னமோ சொன்னாங்க, காதும் வீங்கியிருந்திச்சு, வெளங்கல. இதத் தோட்டத்துல குடுக்கச் சொன்னாங்க. என்னா எழுதியிருக்குன்னு வாசி. டவுன்காரி நீதான."

கலாராணி வாங்கினாள். முத்திரை அதே முத்திரை. கையெழுத்து அதே கையெழுத்து. வாசிக்கத் தேவையே இருக்கவில்லை, அந்த வரிகள் மூன்று வருடமாக அவளுக்கு மனப்பாடம்.

"இனிமே ஒரு குளவி கொட்டுனாலும் ஒங்க உயிருக்கு ஆபத்தாம் அக்கா. கால் மணித்தியாலத்துல ஆஸ்பத்திரிக்குப் போகணுமாம். மலை வேல வேணாமாம்."

பாலம்மா ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தாள். குளவி என்னைக் கண்டால் ஓடும் என்று சிரித்தவள் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பயந்தாள். அந்தப் பயம் எப்படியிருக்கும் என்று கலாராணிக்கு உள்ளும் புறமும் தெரியும். வாய் காய்ந்துபோவதும், கூரையில் எலி ஓடினாலும் திடுக்கிடுவதும், இனி ஒவ்வொரு காலையும் அப்படித்தான் என்பதும் தெரியும். தன்னுடைய பயத்தையே இன்னொருத்தி முகத்தில் பார்க்க அவளால் ஏலவில்லை.

அவள் அலுமாரியைத் திறந்தாள். கலியாணச் சேலையைத் தூக்கி, பேப்பரைத் தூக்கி, மடிப்பு மஞ்சளாகிப்போன துண்டை எடுத்துப் பாலம்மாவின் மடியில் வைத்தாள்.

"இது என்னா?"

"அதேதான் அக்கா. எனக்கு எழுதுனது."

"எப்ப?"

"ஏழாம் நம்பர்ல கொட்டுனப்ப."

பாலம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"மூணு வருசமாவா? இதோடயா எம் பக்கத்து நெரையில நின்ன?"

கலாராணி தலையாட்டினாள். "பேர வெட்டிருவாங்கன்னு பயந்தேன் அக்கா. அன்னைக்கு நீங்க இழுத்தப்ப... நான் தூக்கல. தெரிஞ்சுதான் தூக்கல. அந்தப் பொகையும் நான் போட்டது. அதாலதான் கெளம்புனிச்சு."

"பொக கெடக்குது, விடு. நானுந்தான் பக்கத்துல நின்னு சிரிச்சேன்." பாலம்மாவின் குரல் அப்போதுதான் உடைந்தது. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அந்தப் படங்கத் தொட்டிருக்க மாட்டேனேடி. வேற பக்கம் ஓடியிருப்பேனே."

கலாராணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுதது அடுத்த இரண்டு காம்பராவுக்கும் கேட்டது. சாமி வந்திருக்கிறது என்றுகூட யாரோ சொன்னார்களாம்.

திங்கட்கிழமை காலை பெரட்டில் கரி கனன்றுகொண்டிருந்தது. சீதா தகரத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, "இங்கயே ஒருதரம் போட்டுட்டுப் போவோம், நீயே போடு" என்று கலாராணியிடம் நீட்டினாள். எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். பாலம்மா மதிலோரம் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

கலாராணி நின்றவர்கள் எல்லாருடைய முகத்தையும் பார்த்தாள். பத்துக் கொட்டு, பதினைந்து கொட்டு வாங்கிய முகங்கள், அவளை நம்பிக்கொண்டு நிற்கிற முகங்கள். இடுப்பிலிருந்த தேத்தண்ணிப் போத்தலை எடுத்து, மூடியைத் திருகி, முழுதையும் கரியில் கவிழ்த்தாள். ஸ்ஸ் என்று அணைந்தது. ஒருத்தி "ஐயோ, சாமி" என்று வாயைப் பொத்தினாள்.

"சாமி என்னக் காப்பாத்தல" என்றாள் கலாராணி. குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "என்னக் காப்பாத்துனது இந்தப் படங்கு. ஒங்களக் கொட்ட வச்சது நான் போட்ட பொக. கூடு இருக்குற எந்த மலையிலயும் இனிமே பொக போடாதீங்க."

சீதா தட்டைக் கீழே வைத்தாள். கலாராணி அஜந்தனிடம் நடந்தாள். அவன் கையில் விரித்திருந்த செக்ரோல் புத்தகத்தின் மேல் முதலில் தன் துண்டை வைத்தாள், அதன் மேல் பாலம்மாவுடையதை வைத்தாள்.

"சத்தமா வாசிங்க தம்பி. எல்லாருக்கும் கேக்கணும்."

அவன் ஒன்றை வாசித்தான், தமிழில் சொன்னான். மற்றதை எடுத்தான், பாதியில் நிறுத்தினான்.

"ரெண்டுலயும் ஒண்ணுதானே அக்கா எழுதியிருக்கு."

"ஒண்ணு இல்ல தம்பி" என்றாள் கலாராணி. "தேதியப் பாருங்க."

அவன் இரண்டு தேதியையும் பார்த்தான், நடுவே மூன்று வருடம் இருந்தது. பிறகு அவளைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த செக்ரோலில் அவள் பேரைத் தேடினான். கலாராணி இடுப்பில் தொங்கிய படங்கின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் என்ன செய்யப்போகிறான் என்று பார்த்து நின்றாள்.